கட்டாயம் நிரப்பவும்

ஜூன் 9, திங்கள்

பிரஷர் கூடியிருக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதிய டாக்டர், கடைசியில் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கோபம் வந்தா கத்தாதீங்கம்மா, ஒரு நோட்டுல எழுதி வைங்க, தன்னால எறங்கும்" என்றார். வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு டைரியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ஏதோ பம்ப்செட் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது, ஜனவரியிலிருந்து காலி. "அஞ்சு மாசக் கோபம் பாக்கி கெடக்குது மங்கை, எழுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஒரு பக்கம் எழுதலாம். போகட்டும்.

இன்றைய கோபம் ஸ்ரீவத்சன். சென்னையிலிருந்து எங்கள் சரவணம்பட்டி ஆபீசுக்கு டைரக்டராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுத்து வேலை செய்து கொடுக்கிற இடம் இது. லீவு கேட்பதிலிருந்து கிளெய்ம் போடுவதுவரை யார் எதைக் கணினியில் நிரப்பினாலும் அந்தப் படிவம் நாங்கள் நாலு பேர் செய்ததாகத்தான் இருக்கும்: நான், சதாசிவம், பெனோ, ரஹ்மத். நான்தான் குழுவுக்குத் தலைவி.

ஸ்ரீவத்சன் கூப்பிட்டு, படிவம் செய்கிற ரெடிமேட் மென்பொருள் இரண்டை ஒப்பிட்டு ரிப்போர்ட் கொடு என்றார். ஒன்று டெவலப்பர்களுக்கானது, புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும். இன்னொன்று யார் வேண்டுமானாலும் மவுஸால் இழுத்துப் போட்டுப் படிவம் செய்துகொள்கிற மாதிரி. "ஓப்பன் மைண்டோட பாருங்க மங்கையர்க்கரசி" என்றார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றால் அப்புறம் நாங்கள் எதற்கு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கேன்டீனில் சதாசிவம் கேட்டுவிட்டார். "ரெண்டாவது செயிச்சா நம்ம நாலு பேருக்கும் வேலை இல்லீங்க. அப்படித்தானுங்களே மேடம்?" டீயைக் குடியுங்கள், ஆறுகிறது என்றேன்.

ஜூன் 11, புதன்

இரண்டு மென்பொருள் கம்பெனிக்காரர்களும் வந்து செய்துகாட்டினார்கள். பெனோ இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டான். டெவலப்பர்களுக்கானது மாமியார். ஒரு வார்த்தையை மாற்றினாலும் கேள்வி கேட்கும், இன்னொருவர் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே விடும். ஆனால் வீட்டைக் கட்டிக் காக்கும். இன்னொன்று புது மாப்பிள்ளை. பளபளவென்று வந்து நின்று, எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டும்.

மாப்பிள்ளை தரப்பில் வந்தவன் ஹரிஷ் என்கிற பையன். "ரெண்டே நிமிஷம் மேடம், யாரையும் கேக்க வேண்டாம், டெவலப்பர் வேண்டாம்" என்று என் முகத்தைப் பார்த்தே பதினைந்து தடவை சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குப் பாவம், நாங்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மாப்பிள்ளையில் கம்பெனி பெயரில் கணக்குத் தொடங்க ஃபைனான்ஸ் அனுமதி வேண்டும், அது வர மாதமாகும். ஸ்ரீவத்சன், "உங்க மெயில்லயே இலவச டிரையல்ல ஆரம்பிங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். ஆரம்பித்தேன். திரையில் 'உரிமையாளர்: மங்கையர்க்கரசி' என்று வந்தது. இந்த ஆபீசில் எனக்குச் சொந்தமான ஒரே பொருள்.

மாலையில் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, பக்கெட், குக்கர் வரைக்கும் பிடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஜூன் 18, புதன்

ஒப்பிட ஒரு மாதிரிப் படிவம் வேண்டுமே. எச்ஆர் மேனேஜர் பல்லவி ஒன்று கொடுத்தாள்: வேலை விலகல் படிவம். ஆங்கிலத்திலும் தமிழிலும் வேண்டும், ஹவுஸ்கீப்பிங் ஆள் முதல் டிரைவர் வரை நிரப்ப வேண்டும் என்றாள். விலகும் காரணத்துக்கு நாலு பதில்கள்: சொந்த விருப்பம், மேற்படிப்பு, திருமணம், குடும்பச் சூழ்நிலை.

"'மற்றவை'ன்னு ஒண்ணு போடணுமே பல்லவி?"

"வேணாம் மேடம். அதுல கண்டதையும் எழுதுவாங்க. ரிப்போர்ட் நீட்டா வராது. நாலுல ஒண்ண செலக்ட் பண்ணாம சப்மிட் ஆகவே கூடாது, அப்படிப் பண்ணுங்க."

செய்தேன். கேள்விக்குப் பக்கத்தில் கட்டாயம் என்று காட்டுகிற சிவப்பு நட்சத்திரம். பதில் சொல்லாமல் தாண்டினால் சிவப்பில் ஒரு வரி: 'தயவுசெய்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' மற்றவர்கள் வெறுமனே 'தவறு' என்று போடுவார்கள். நான் தயவுசெய்து இல்லாமல் போட்டதில்லை. நிரப்புகிறவர் மனிதர்தானே. கடைசியில் நானாக ஒரு கேள்வி சேர்த்தேன்: 'இந்தப் படிவத்தை நிரப்புவது எளிதாக இருந்ததா?' ஐந்து நட்சத்திரம் வரைக்கும் மதிப்பெண் போடலாம்.

மாமியாரில் இதே படிவத்தைச் செய்ய எனக்கும் சதாசிவத்துக்கும் இரண்டு நாள் பிடித்தது. மாப்பிள்ளையில் நான் ஒருத்தியே டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். அதுவும் எரிச்சல்தான்.

இந்தப் படிவத்தை ஏன் மாதிரிக்கு எடுத்தாள் என்று யோசிக்கவில்லை. ஏதோ ஒன்று வேண்டும், எடுத்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நிரப்புகிறவர்களையே உட்காரவைத்துப் பார்த்தோம். அக்கவுன்ட்ஸ் ஜீவரத்தினம் மாப்பிள்ளையில் கேன்டீன் சாப்பாட்டுக்கு ஒரு படிவம் தானே செய்து, ஆபீஸ் பூராவும் அனுப்பியும்விட்டாள். "எத்தன மாசமா உங்ககிட்ட கேட்டுட்டு இருந்தனுங்க மேடம், இப்ப நானே பண்ணீட்டேன்!" என்று குதித்தாள். உண்மைதான், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள் எழுதிவை பார்க்கலாம் என்று ஆறு மாதமாய் இழுத்தடித்தோம். அவள் செய்த படிவம் நன்றாகவே இருந்தது. தக்காளி சாதத்துக்குப் பக்கத்தில் தக்காளிப் படம்கூட.

மாமியாரில் யாரும் முதல் திரையைத் தாண்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜீவரத்தினத்தின் படிவத்தில் எவனோ புகுந்து தயிர் சாதத்தைப் பிரியாணி ஆக்கிவிட்டான். அவள் யார் யாருக்கோ அனுமதி கொடுத்து வைத்திருந்தாள். நூற்றுக்கு மேல் பிரியாணி ஆர்டர் வந்து கேன்டீன்காரர் சட்டையைப் பிடிக்காத குறை. இதையும் குறித்துக்கொண்டேன். மாமியார் வீட்டில் இது நடக்காது.

ஜூன் 27, வெள்ளி

ஸ்ரீவத்சன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம் என்றார். சரி என்றேன்.

ஜூன் 30, திங்கள்

ரஹ்மத் சத்தமாகச் சிரித்தாள் என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டேன். குழந்தை பிறந்து ஆறு மாத லீவுக்குப் பிறகு இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். நேற்று பையன் குப்புற விழுந்தானாம், அதைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் பேக்கரியில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ், தேங்காய் பன், டீ வாங்கிக் கொடுத்தேன். பெனோ, "என்னக்கா, ஏதும் விசேஷமா? பிரமோஷன் உண்டா?" என்றான். ஒன்றும் இல்லை, சாப்பிடு என்றேன். சதாசிவம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் பப்ஸைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட் கொடுத்தேன். மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதினேன். ஆபீஸ்காரர்களுக்கு மாப்பிள்ளைதான் வசதி, அதில் சந்தேகமில்லை. சாப்பாட்டுக் கணக்கு, டூர் கணக்கு, கருத்துக் கேட்பது எல்லாம் அதில் போகட்டும். ஆனால் ஒரு மனிதனைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற படிவம், பிறகு கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட வேண்டிய படிவம், மாமியாரில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் மாப்பிள்ளையில் உரிமையாளர் நினைத்தால் யாரையும் கேட்காமல் எதையும் மாற்றலாம். ஒப்புதல் வசதி அதிக விலைத் திட்டத்தில்தான் உண்டு. எனவே இரண்டும் வேண்டும், இரண்டையும் பார்த்துக்கொள்ள எங்கள் குழுவும் வேண்டும்.

ஸ்ரீவத்சன் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார். "ரொம்ப நெகட்டிவ்வா இருக்கு." கடைசிப் பக்கத்தில் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நால்வரின் வேலை மிச்சமாகும்.' மத்தியானம் மறுபடி திறந்தபோது நால்வர் மூவராகியிருந்தது.

வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன். ரசம் வாசமே இல்லை. வீட்டுக்காரர் அதைச் சொன்னதும் கரண்டியைச் சிங்க்கில் எறிந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாப்பிள்ளைதான். நிச்சயம் முடிந்தது.

வாங்குவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை, ஹரிஷ் டிரையலை நீட்டித்துக் கொடுத்திருக்கிறான். ஒப்புதல் வசதி வேண்டாம், விலை கூடவாம். விலகல் படிவத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். பல்லவி சொன்னபடி எல்லாம் இணைத்தேன். ஊழியர் பட்டியலில் அவள் ஒரு பெயருக்கு எதிரே 'விலகுகிறார்' என்று குறித்தால் அந்த ஆளுக்கு லிங்க் தானாகப் போகும். நிரப்பி அனுப்பினால் பதில்களின் நகல் கம்பெனி முகவரியிலிருந்து அவருக்கே வந்துசேரும். காரணங்களை வட்டப் படமாகப் போட்டு மறுநாள் காலையில் லண்டன் தலைமையகத்துக்கு அனுப்பும். அது ஸ்ரீவத்சனின் ஆசை. கோயம்புத்தூர் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அவர்கள் பார்க்க வேண்டுமாம்.

படிவம் இன்னும் என் பெயரில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று பல்லவிக்கு மெயில் போட்டேன். 'பாக்கலாம் மேடம்' என்று பதில்.

ஜூலை 15, செவ்வாய்

மிக்ஸி ஓடவில்லை. பல்லவிக்கு இரண்டாவது மெயில். அதற்கும் 'பாக்கலாம்.'

ஜூலை 21, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் என் குழுவின் மூன்று பேரையும் ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு இனி உங்கள் வேலை தேவைப்படாது, நீங்களே விலகுவதாக நிரப்பிவிட்டால் நல்ல சர்டிபிகேட் தருவோம், இல்லையென்றால் நீக்குவோம், வேறெங்கும் வேலை கிடைக்காது, நாளை மாலைக்குள் முடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். யாரையும் அனுப்புவதில்லை. எல்லோரும் 'தானாக' விலகுகிறார்கள்.

கேன்டீனில் மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். மேஜைமேல் மூன்று போன்கள், மூன்றிலும் என் படிவம்.

"நாமளே போறோம்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு லேபர் கோர்ட்டுல ஏறி நிக்க முடியாதுங்க மேடம்," என்றார் சதாசிவம். "பதினெட்டு வருசம். போகச் சொன்னா போயிட்டுப் போறனுங்க. ஆனா எனக்குப் புடிச்சுப் போறேன்னு நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

"நான் அதக் காலியா விட்டுப் பாத்தேன் அக்கா," என்றாள் ரஹ்மத். "விடமாட்டேங்குது." போனை என் பக்கம் திருப்பினாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: தயவுசெய்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

"இது நீங்க எழுதின வரிதானே அக்கா? 'தயவுசெய்து'ன்னு நீங்க மட்டுந்தான் போடுவீங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறமாதிரி கேட்டாள்.

"உங்களுக்கு லிங்க் வரலீங்களா மேடம்?" என்றார் சதாசிவம்.

"வரலீங்க."

பெனோ தம்ளரை நகர்த்தி எனக்கு இடம் செய்து கொடுத்தான். அந்த ஆத்திரத்தை எப்படி எழுத? ஸ்ரீவத்சன்மேல், பல்லவிமேல், கையைக் கட்டிக்கொண்டு சரி என்று தலையாட்டி வந்த என்மேல், நாலு பதிலை வைத்து ஐந்தாவதை அடைத்த அந்தப் பாழாய்ப் போன படிவத்தின்மேல். உடம்பு முழுக்கக் கொதித்தது. டாக்டர் பார்த்திருந்தால் பிரஷர் மெஷினை மூடி வைத்திருப்பார்.

போனை எடுத்தேன். படிவத்தைத் திறந்தேன். உரிமையாளர்: மங்கையர்க்கரசி. நாலாவது பதிலுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். 'வெளியிடு' என்பதை அழுத்தினேன். யாருடைய ஒப்புதலையும் அது கேட்கவில்லை. ஹரிஷ் பொய் சொல்லவில்லை, இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பக்கத்த ஒருக்கா ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க" என்றேன்.

சதாசிவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "நிறுவனம் என்னை விலகச் சொன்னது." இன்னொரு தடவை படித்தார்.

"அக்கா, மாத்தினது யாருன்னு ஒங்க பேரு அதுல காட்டுமே," என்றான் பெனோ.

"காட்டட்டும்."

மூன்று பேரும் அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். நகல் அவர்கள் மெயிலுக்கு வந்துசேர்ந்த சத்தம் மேஜைமேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ரஹ்மத் உடனே அதை அவள் வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். சதாசிவம் வக்கீலுக்கு அனுப்பினார்.

ஜூலை 22, செவ்வாய்

வட்டப் படம் காலையில் தானாகவே லண்டனுக்குப் போய்விட்டது. முழு வட்டமும் ஒரே நிறம். 'நிறுவனம் என்னை விலகச் சொன்னது: நூறு சதவீதம்.' விலகுகிறவர்கள் எல்லாம் சொந்த விருப்பத்தில் போகிறார்கள் என்றுதானே சொன்னீர்கள், இது என்ன என்று அங்கிருந்து ஒருவர் கேட்டாராம். எட்டு பேருக்கு நகல் போட்டுக் கேட்டாராம்.

பல்லவி ஐந்தாவது பதிலை நீக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. 'மாற்றங்களுக்கு உரிமையாளரை அணுகவும்' என்று வந்திருக்கிறது. ஹரிஷைக் கூப்பிட்டாள். அவன், டிரையல் கணக்கில் உரிமையாளர் சொல்லாமல் எங்களால் கை வைக்க முடியாது மேடம் என்றானாம். அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

ஜூலை 23, புதன்

அறையில் ஸ்ரீவத்சனும் பல்லவியும். என் போனையும் வெளியே வாங்கி வைத்தார்கள்.

"நீங்களா மாத்தினீங்க?"

"ஆமா சார்."

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்க வேண்டியதில்லைன்னுதானே சார் இத செலக்ட் பண்ணீங்க? கேக்கற மாதிரி ஒண்ணும் இருந்துச்சு. அந்தப் பக்கத்த நீங்கதான் எடுத்துட்டீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "உங்கள நான் சேஃப் பண்ணி வெச்சேன் மங்கையர்க்கரசி," என்றார். உண்மையிலேயே மனம் புண்பட்டவர்போல.

"அதத்தான் சார் அவங்க மூணு பேருக்கும் என்னால சொல்ல முடியல," என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதுதான் எனக்குக் கேவலமாக இருந்தது, அவர்கள் முன்னால் உடைந்தது.

பல்லவி தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அந்த ஆப்ஷன மட்டும் எடுத்துடுங்க மேடம், எல்லாம் சரியாயிடும்" என்றாள். எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் உங்களையும் என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், ஜூன் 27 உட்பட. வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கேலி பேசவில்லை. மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், "பொறகென்ன, பாத்துக்கலாம்" என்றார்.

ஜூலை 24, வியாழன்

சதாசிவத்தின் வக்கீல், அந்த நகல் போதும், மூன்று பேருக்கும் சேர்த்து லேபர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். "நாலு பேருன்னு சொல்லி வைக்கட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். இருங்கள், எனக்கு லிங்க் இன்னும் வரவில்லை என்றேன்.

மத்தியானம் வந்தது. பல்லவி அவசரத்தில் பட்டியலில் என் பெயருக்கு எதிரே குறித்துவிட்டாள் போலிருக்கிறது. மீதியைப் படிவம் தானாகவே செய்தது, நான் இணைத்து வைத்தபடியே. 'அன்புள்ள மங்கையர்க்கரசி, கீழுள்ள லிங்க்கைத் திறந்து நிரப்பவும்.'

திறந்தேன். பெயர், துறை, சேர்ந்த தேதி எல்லாம் முன்பே நிரம்பியிருந்தது. அது நான் ஹரிஷிடம் சண்டை போட்டு வாங்கிய வசதி. விலகும் காரணம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஐந்து பதில்களும் வரிசையாக இருந்தன. ஐந்தாவதைத் தொட்டேன். சிவப்பில் எந்த வரியும் வரவில்லை.

கடைசிக் கேள்வி: இந்தப் படிவத்தை நிரப்புவது எளிதாக இருந்ததா?

ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பினேன்.